படித்தவரும் படிக்காதவரும் சேர்ந்து கேட்கும்போது

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' பற்றி ஒரு பாட்காஸ்ட்டில் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர்களில் ஒருவர், கதையின் முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே என்று வருந்துவார். இன்னொருவர், ஊருக்கெல்லாம் தெரிந்த கதையைச் சொல்லியே நேரத்தைப் போக்கிவிட்டீர்கள், நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான லெவினைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை என்று குறைப்படுவார். டால்ஸ்டாய் தம் மனைவி சோஃபியாவை நடத்திய விதத்தைக் கேட்டபின் அந்த மனிதரின் நூலைக் கையில் எடுக்கவே தோன்றவில்லை என்பார் வேறொருவர். பேசியவரின் குரல் பிடிக்கவில்லை என்று ஒருவர். அந்தக் குரலுக்காகவே கேட்கிறேன் என்று மற்றொருவர். பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த புத்தகத்தை நேற்று இரவு எடுத்துவிட்டேன் என்று எழுதுபவரும் இருப்பார்.

இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அப்படி ஒதுக்கக் கூடாது என்பது என் எண்ணம். செவ்விலக்கியம் பற்றிய நிகழ்ச்சிகளுக்கு வரும் எதிர்வினைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. அந்த நூலைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களைக் கேட்கிறார்கள். புதிதாக வந்த நாவலைப் பற்றிய பேச்சில் இந்தச் சிக்கல் இல்லை. யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்று கொண்டு பேசலாம். கல்லூரி வகுப்பிலும் இல்லை. எல்லோரும் படித்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. செவ்வியல் நூலோ வேறு வகை. ஒருவர் அதை ஐந்து முறை படித்திருப்பார். இன்னொருவர் பெயரை மட்டும் அறிவார். இடையில், படிக்காமலேயே கதை முழுவதும் தெரிந்த பெருங்கூட்டம் ஒன்று உண்டு. கம்பனை ஒரு பாட்டுகூடப் படிக்காத நம்மில் எத்தனை பேருக்கு இராமாயணம் தெரியாது?

இந்த மூன்று தரப்பையும் வைத்துக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது நல்லது. பிபிசி ரேடியோ 4 இல் 'இன் அவர் டைம்' 1998 அக்டோபரில் தொடங்கியது. மெல்வின் பிராக் அதை 2025 வரை நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். வியாழக்கிழமை காலையில் மூன்று பேராசிரியர்கள் வந்து அமர்வார்கள். ஒரு வாரம் கருந்துளை, அடுத்த வாரம் ஹோமர், அதற்கடுத்த வாரம் ஏதாவது ஒரு போர். பின்னணி இசை கிடையாது, வேடிக்கைப் பேச்சு கிடையாது. வணக்கம் சொன்ன வேகத்திலேயே பொருளுக்குள் போய்விடுவார்கள். வானொலிக்காகப் பிறந்த இந்த நிகழ்ச்சி பாட்காஸ்ட்டாக உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

பிராக் மீது கேட்பவர்களுக்கு இருந்த அன்பும் எரிச்சலும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை. பேராசிரியர் ஒருவர் நாவலின் உத்தியைப் பற்றி ஆழமாகப் போகத் தொடங்கும்போது அவர் இடைமறிப்பார். முதலில் கதை என்ன என்று சொல்லுங்கள், இவர் எங்கே பிறந்தார், அப்பா என்ன வேலை செய்தார் என்று தரைக்கு இழுப்பார். நூலை ஏற்கெனவே அறிந்தவருக்கு அது அறுவை. நல்ல இடத்தில் பேச்சை வெட்டிவிட்டாரே என்ற கோபம். அறியாதவருக்கோ தன் சார்பில் கேட்க ஒருவர் அங்கே இருக்கிறார் என்ற நிம்மதி. பிராக் நாவலாசிரியர், அந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாதவர் அல்லர். அறைக்குள் இல்லாத, படிக்காத மனிதரின் இடத்தை அவர் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். நான் அவர் பக்கம். கதை தெரியாமல் உத்தியைப் பேசினால் கேட்பவருக்குக் கையில் எதுவும் நிற்காது.

ஆனால் படித்தவரின் குறைக்கும் அங்கே ஒரு வழி பிறந்தது. பிற்காலத்தில், ஒலிபரப்பு முடிந்தபின் நடக்கும் சில நிமிட உரையாடலையும் பாட்காஸ்ட்டில் சேர்த்தார்கள். எதை விட்டுவிட்டோம், எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனோம் என்று பிராக் கேட்பார். பேராசிரியர்கள் தங்களுக்கு உண்மையிலேயே பிடித்த நுணுக்கங்களை அப்போதுதான் எடுத்து வைப்பார்கள். கடைசியில் தயாரிப்பாளர் உள்ளே வந்து, டீ வேண்டுமா காப்பி வேண்டுமா என்று கேட்பார். அதுவும் பதிவில் இருக்கும். நிகழ்ச்சியின் விசுவாசிகள் மிகுந்த பிரியத்தோடு பேசும் இடங்களில் அந்தத் தேநீர்க் கேள்வியும் ஒன்று. கேட்பவர் அதுவரை ஒரு சபையின் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நொடியில் அறைக்குள் வந்துவிட்டதாக உணர்கிறார்.

குரல் செய்யும் வேலை

அச்சில் படித்த கட்டுரை பிடிக்கவில்லை என்றால் கருத்து தவறு என்று எழுதுகிறோம். கேட்டது பிடிக்கவில்லை என்றால் குரல் சரியில்லை என்கிறோம். பேசுபவர்களுக்கு இது மனத்தைப் புண்படுத்தும் எதிர்வினை. ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாவலைப் படித்தவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தன் மனத்துக்குள் ஒரு குரல் கொடுத்து வைத்திருக்கிறார். வெளியிலிருந்து இன்னொரு குரல் வந்து அந்த இடத்தில் உட்காரும்போது அவர் எதையோ இழக்கிறார். படிக்காதவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. அவருக்கு முதலில் கேட்ட குரலே அந்தப் பாத்திரத்தின் குரலாகிவிடுகிறது. பிறகு நூலைப் படிக்கும்போதும் அந்தக் குரலிலேயே படிப்பார்.

இதை நேருக்கு நேர் சந்தித்த அமைப்பு லிப்ரிவாக்ஸ். 2005 ஆகஸ்டில் கனடாவைச் சேர்ந்த ஹியூ மெக்வைர் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து இலவசமாகத் தருகிறார்கள். முதல் நூல் ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரட் ஏஜென்ட்'. அத்தியாயங்களைப் பலர் பிரித்துக்கொண்டு வாசித்த நூல்களில் ஒன்றாம் அத்தியாயம் ஒரு பெண் குரலில் இருக்கும், இரண்டாவது வேறொரு நாட்டு உச்சரிப்பில் ஓர் ஆண் குரலில் வரும். கேட்பவர்கள் திகைத்தார்கள், சிலர் கடுமையாகச் சொன்னார்கள். லிப்ரிவாக்ஸ் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. வாசிக்க விரும்பும் எவரும் வாசிக்கலாம். வாசிப்பவர் தாமே கேட்டாலொழிய அவருடைய வாசிப்பு முறையை யாரும் விமர்சிக்கக் கூடாது. சொல் விடுபட்டாலும் பதிவில் இரைச்சல் இருந்தாலும் திருத்துவார்கள், குரலைத் திருத்தமாட்டார்கள். கேட்பவர் கருத்தில் எதற்குச் செவி கொடுப்பது, எதைக் கடந்து போவது என்று அவர்கள் போட்ட கோடு தெளிவானது. அதனால்தான் பல்லாயிரம் நூல்கள் அங்கே சேர்ந்தன.

2020 இல், பெருந்தொற்றுக் காலத்தில், அமெரிக்காவில் ஃபீபி ஜட்ஜ் நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று பழைய துப்பறியும் நாவல்களை வாசிக்கத் தொடங்கினார். அகதா கிறிஸ்டியின் முதல் நாவலிலிருந்து ஆரம்பம். நடிப்பு எதுவும் இல்லாத அமைதியான வாசிப்பு. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறோம் என்பது அந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த பாராட்டு. கொலைக் கதை கேட்டுத் தூங்குவதா என்று கேட்கலாம். நமக்கு அது புதிதில்லை. கர்ணன் சாகும் கதையைக் கேட்டபடியே பாட்டியின் மடியில் தூங்கியவர்கள்தானே நாம்.

முடிவைச் சொல்லலாமா

இந்தப் புகாரில்தான் இரு தரப்பும் நேராக மோதுகின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த நாவலின் முடிவைச் சொல்ல இனி என்ன தயக்கம் என்பார் படித்தவர். நூலுக்கு நூற்றைம்பது வயது என்றாலும் எனக்கு அது நாளைதான் பிறக்கப்போகிறது என்பார் படிக்காதவர். இருவர் சொல்வதும் உண்மை. முடிவைத் தொடாமல் 'அன்னா கரீனினா'வின் அமைப்பைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. முதலில் வரும் ரயில் நிலையத்தையும் கடைசியில் வரும் ரயில் நிலையத்தையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த நாவலின் கட்டுமானம் புரியாது. அதே சமயம், முடிவு தெரியாமல் ஒரு பெரிய நாவலுக்குள் நடந்து போகும் இன்பம் ஒரு மனிதருக்கு ஒரு முறைதான் கிடைக்கும்.

இந்த மோதலைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கிய ஒரு முயற்சி அண்மையில் நடந்தது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897 இல் வெளிவந்தது. முழுக்க முழுக்க நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகளால் ஆன நாவல். மே 3 இல் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை ஒவ்வொரு பகுதிக்கும் தேதி உண்டு. 2021 இல் மேட் கிர்க்லண்ட் என்பவர், அந்தந்தத் தேதியில் நடப்பதை அந்தந்தத் தேதியிலேயே மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் சேர்ந்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். 2023 இல் அதே ஒழுங்கில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர் குரல் கொடுக்க, 'ரீ: டிராகுலா' என்ற பாட்காஸ்ட் வந்தது.

டிராகுலா யார் என்று தெரியாதவர் உலகில் இல்லை. அந்த நாவலை உண்மையில் படித்தவர்களோ குறைவு. மேலே சொன்ன மூன்றாவது தரப்பு, கதை தெரிந்தும் நூலைப் படிக்காதவர்கள், முழுமையாக இங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் காட்டிய எதிர்வினை வியப்பானது. பேயைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. மாளிகையில் சிக்கிக்கொண்ட வழக்கறிஞர் ஜோனதன் ஹார்க்கரைத் தங்கள் நண்பர் என்று அழைத்தார்கள். அவர் சாப்பிட்ட மிளகாய்ப்பொடிக் கோழிக் கறியைப் பற்றி, அதன் செய்முறையைத் தன் வருங்கால மனைவி மீனாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவர் எழுதி வைப்பதைப் பற்றி உருகினார்கள்.

தேதி ஒழுங்கு இன்னொன்றையும் செய்தது. அச்சு நாவலில் ஜோனதனின் குறிப்புகள் ஜூன் 30 வரை தொடர்ந்து வந்துவிடும்; அதன் பிறகுதான் மே மாதத்தில் மீனாவும் லூசியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் தொடங்கும். நாள்வாரியாகக் கேட்டால் இரண்டும் கலந்து வருகின்றன. அங்கே ஒருவன் உயிருக்குப் பயந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில் இங்கே திருமணப் பேச்சு நடக்கிறது. ஜூன் 30 க்குப் பிறகு ஜோனதனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. ஆகஸ்ட் நடுவில்தான் ஒரு கன்னியாஸ்திரீயின் கடிதத்தால் அவர் உயிரோடு இருப்பது தெரிய வருகிறது. புத்தகத்தில் அந்த இடைவெளியைச் சில பத்துப் பக்கங்களில் கடந்துவிடலாம். இங்கே ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்பவர்கள் மீனாவோடு சேர்ந்து காத்திருந்தார்கள். ஏற்கெனவே படித்தவர்களும் அந்தக் காத்திருப்பைப் புதிதாகத்தான் அனுபவித்தார்கள். ஆகவே முடிவைச் சொல்லிவிடாமல் அவர்கள் வாய் மூடியிருந்ததில் வியப்பில்லை.

ஆசிரியரின் வாழ்க்கை வரும்போது

நூலைப் பற்றிப் பேசும்வரை எதிர்வினைகள் மிதமாக இருக்கும். எழுதியவரின் வாழ்க்கைக்குள் நுழைந்ததும் சூடு ஏறும். காரணம் எளிது. நூலைப் பற்றிக் கருத்துச் சொல்ல அதைப் படித்திருக்க வேண்டும் என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. கணவன் மனைவி விவகாரத்தில் கருத்துச் சொல்ல எவருக்கும் தகுதிக் குறைவு தோன்றுவதில்லை. ஆக, படிக்காதவரும் படித்தவரும் சமமாக நிற்கும் ஒரே களம் ஆசிரியரின் வாழ்க்கைதான்.

சார்லஸ் டிக்கன்ஸை எடுத்துக்கொள்வோம். கேட்பவர்களுக்கும் செவ்விலக்கியத்துக்கும் உள்ள உறவை இவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1853 டிசம்பரில் பர்மிங்ஹம் நகர மண்டபத்தில் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' நூலை அவர் பொதுமக்கள் முன் வாசித்தார். அறப்பணிக்கான நிதிக்காக அங்கே அந்த மாதம் நடந்த வாசிப்புகளில் அதுவும் ஒன்று. அவற்றில் ஒன்று உழைக்கும் மக்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் நடக்க வேண்டும் என்று அவரே விரும்பிக் கேட்டார். 1858 ஏப்ரல் இறுதியில் கட்டண வாசிப்பில் இறங்கினார். சாகும்வரை ஏறத்தாழ 470 வாசிப்புகள். அமெரிக்கப் பயணத்தில் மட்டும் 76. கேட்டவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். 1869 இல் 'ஆலிவர் ட்விஸ்ட்'டிலிருந்து நான்சி கொலையாகும் காட்சியை வாசிக்கத் தொடங்கியபோது பெண்கள் மயங்கி விழுந்ததாகக் குறிப்புகள் உண்டு. வாசித்தவரின் நாடித்துடிப்பு 72 இலிருந்து 120 க்கு மேல் ஏறியதை மருத்துவர் எழுதி வைத்தார். 1870 மார்ச்சில் கடைசி வாசிப்பு. ஜூனில் இறந்தார்.

அதே 1858 இல்தான் டிக்கன்ஸ் தம் மனைவி கேத்தரினைப் பிரிந்தார். பத்துக் குழந்தைகள் பெற்றவர் கேத்தரின். பிரிவை நியாயப்படுத்தி, ஜூன் மாதம் தம் சொந்த வார இதழான 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்'இல் ஓர் அறிக்கையே வெளியிட்டார். நடிகை எலன் டெர்னனுடன் அவருக்கிருந்த உறவு பிற்காலத்தில் ஆய்வாளர்களால் விரிவாக எழுதப்பட்டது. 2019 இல் ஜான் போவன் என்ற பேராசிரியர் வெளிக்கொண்டுவந்த கடிதங்கள் நிலைமையை மேலும் கசப்பாக்கின. கேத்தரினை மனநல விடுதியில் அடைக்க டிக்கன்ஸ் முயன்றார் என்று கேத்தரினே ஒரு நண்பரிடம் சொன்னதாக அவற்றில் இருந்தது.

ஏழைக் குழந்தைகளுக்காக உலகையே அழவைத்தவர் இப்படியா என்று கேட்பவர் அதிர்வது இயல்பு. என்றாலும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'டை இளமையில் படித்து வளர்ந்தவருக்கு இந்தச் செய்தி ஒரு காயம். படிக்காதவருக்கு அது படிக்காமலிருக்க ஒரு காரணம். முதலாமவரின் அதிர்ச்சியை நான் முழுவதும் மதிக்கிறேன். இரண்டாமவருக்கு அந்தக் காரணத்தைக் கொடுத்த பொறுப்பில் ஒரு பங்கு பேசியவர்களையும் சேரும். முக்கால் மணி நேரத்தில் நாற்பது நிமிடம் குடும்பச் சண்டையைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் நூலைச் சொன்னால், கேட்டவர் கையில் எதை எடுத்துக்கொண்டு போவார்? கேத்தரினுக்கு நேர்ந்ததை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு நூலின் ஒரு பக்கத்தையாவது உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறேன்.

டிக்கன்ஸுக்கு வந்த கடிதங்களில் இரண்டு இங்கே மிகவும் பொருந்தும். 1849 இல் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' மாதத் தவணைகளாக வந்துகொண்டிருந்தபோது, மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண் பாத்திரம் தம்மைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஜேன் சீமோர் ஹில் என்ற பெண் மனம் வெதும்பி எழுதினார். டிக்கன்ஸ் வருத்தம் தெரிவித்து, பின்னால் வந்த தவணையில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாக மாற்றினார். 1863 இல் இலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி, 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் வரும் ஃபேகின் பாத்திரத்தின் மூலம் தம் இனத்துக்கே அநீதி செய்துவிட்டீர்கள் என்று எழுதினார். டிக்கன்ஸ் முதலில் தற்காத்துக்கொண்டார். பிறகு 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார். 1867 பதிப்பில் 'ஆலிவர் ட்விஸ்ட்'டின் பிற்பகுதியில் ஃபேகினை 'யூதன்' என்றே சுட்டிய இடங்கள் பலவற்றை நீக்கினார். இன்று நாம் மாற்றமுடியாத செவ்வியல் பிரதி என்று கையில் வைத்திருப்பதில், புண்பட்ட இரண்டு பெண்களின் எதிர்வினைகள் கலந்திருக்கின்றன. கேட்பவர் புகார் என்றாலே தொந்தரவு என்று எண்ணும் நிகழ்ச்சியாளர்கள் இந்தக் கடிதங்களை ஒருமுறை தேடிப் படிக்கலாம்.

நம் பக்கத்தில்

தமிழில் நூல் என்பதே கேட்பவர் முன் நின்று தேறிய பிறகுதான் நூல். தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைத்து அந்த நூல் அரங்கேறியதைச் சொல்கிறார். அதங்கோட்டாசான் குற்றம் சொல்லவே உட்கார்ந்தார், சொன்ன குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொன்னார் என்று உரைமரபில் ஒரு கதை உண்டு. தமிழின் மிகப் பழைய நூல்களில் ஒன்றோடு சேர்த்து அதைக் கேட்டவரின் பெயரையும் நாம் மறக்காமல் வைத்திருக்கிறோம். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் விவரிக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராண அரங்கேற்றங்கள் நாள்கணக்கில் நடந்தவை. கேட்க வந்தவர்களில் புலவர்களும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாத அடியார்களும் உண்டு. வள்ளுவரும் கேள்வி அதிகாரத்தில் அந்த இரண்டாம் தரப்பை மறக்கவில்லை:

கற்றில னாயினுங் கேட்க அஃதொருவற்கு
ஒற்கத்தின் ஊற்றாந் துணை.

தளர்ந்த நேரத்தில் ஊன்றுகோலாக உதவும் என்பதால், படிக்காதவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்கிறார். கேட்டால் மட்டும் போதுமா, படிக்க வேண்டாமா என்று பாட்காஸ்ட்டுகளை நோக்கி இன்று எழுப்பப்படும் சந்தேகம் இந்தக் குறளுக்கு இல்லை.

இன்று தமிழில் செவ்விலக்கியத்தைப் பேசும் நிகழ்ச்சிகளுக்கு வரும் எதிர்வினைகள் இரண்டு இடங்களில் மிகக் கூர்மையாகின்றன. முதலாவது, 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடர். முடிந்தபோதே வாசகர்கள் விடவில்லை. கதை சட்டென்று நின்றுவிட்டது, இவர் என்ன ஆனார், அவர் யாரை மணந்தார் என்று கேட்டார்கள். கல்கி அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒரு முடிவுரை எழுதி நூலோடு சேர்த்தார். இன்றைய பதிப்புகளிலும் அது இருக்கிறது. 2022, 2023 இல் திரைப்படங்கள் வந்தபின் நாவலை ஒலிவடிவில் தேடுபவர்கள் பெருகினார்கள். பழைய கேள்விகளும் அவர்களோடு திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது.

நாவல் அதை முழுதாக அவிழ்க்காமல் விடுகிறது. வரலாற்றில் உடையார்குடி கல்வெட்டு இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியவர்களைச் சுட்டி, அவர்களுடையதும் உறவினர்களுடையதுமான உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியைச் சொல்கிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரசனான உத்தம சோழன் மேல் ஐயம் கொண்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். நாவலில் தோய்ந்த ஒருவருக்கு இந்தச் செய்திகள் கதையைக் கலைக்கும் குறுக்கீடு. வரலாறு அறிந்தவருக்கு நாவலை வரலாறு என்று எண்ணி நடக்கும் பேச்சு பொறுக்கவில்லை. நிகழ்ச்சியை நடத்துபவர் இப்போது பேசுவது நாவல், இப்போது பேசுவது கல்வெட்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். பலர் சொல்வதில்லை.

இரண்டாவது இடம், புலவர்களின் வாழ்க்கை. டிக்கன்ஸைப் பற்றிக் கடிதம் கடிதமாக ஆதாரம் கிடைக்கிறது. வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் கதைகள். சோற்றுப் பருக்கைக்காக ஊசியும் கிண்ணத்தில் நீரும் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த வள்ளுவர், கிணற்றில் பாதியில் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்த வாசுகி, அமராவதிக்காக உயிர்விட்ட கம்பர் மகன் அம்பிகாபதி: இவற்றைக் கேட்டு வளர்ந்தவரிடம் இவற்றுக்குச் சான்று கிடையாது என்று ஒரே வரியில் சொன்னால், அவர் வீட்டுக்குள் புகுந்து ஒரு பொருளை எடுத்துப்போனதாகவே உணர்வார். கோபம் வரும். அந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. பாரதியாரின் மரணத்தைப் பற்றிய பேச்சிலும் இதையே பார்க்கலாம். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதால் இறந்தார் என்றுதான் பலர் நம்புகிறார்கள். அந்த நிகழ்ச்சியிலிருந்து அவர் தேறினார், ஈரோட்டுக்குப் போய்க் கருங்கல்பாளையத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று சொற்பொழிவு ஆற்றினார், 1921 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்தார். இதை வெறும் திருத்தமாகச் சொன்னால் கேட்பவர் முரண்டு பிடிப்பார். கருங்கல்பாளையச் சொற்பொழிவையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். யானைக் கதையைவிடப் பெரிய கதை அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

உச்சரிப்புப் புகார்களைப் பற்றியும் ஒரு சொல். ழகரமும் ளகரமும் குழம்பினால் தமிழ் கேட்பவர்கள் பொறுப்பதில்லை, பொறுக்கவும் வேண்டியதில்லை. உரைநடையில் அது செவிக்கு உறுத்தல் என்ற அளவில் நின்றுவிடும். செய்யுளில் எதுகை கெடும், பொருளே மாறும். லிப்ரிவாக்ஸின் பெருந்தன்மை எனக்குப் பிடித்ததுதான், ஆனால் கம்பனை வாசிக்க வருபவருக்கு அதை அப்படியே நீட்ட என்னால் முடியாது. ஊர்ப்பேச்சின் இசை வேறு, பிழை வேறு. நெல்லைத் தமிழிலும் யாழ்ப்பாணத் தமிழிலும் கம்பராமாயணம் கேட்பது தனி இன்பம். அந்த இசையைக் குறையாகச் சொல்லும் எதிர்வினைகளை மட்டும் நிகழ்ச்சியாளர் தயங்காமல் மறுக்க வேண்டும்.

தமிழ் நிகழ்ச்சிகளில் நான் எதிர்பார்த்து ஏமாறுவது ஒன்றே. சங்கப் பாடல் ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், அந்தப் பாடலை ஒருமுறைகூட முழுமையாக வாசிக்கமாட்டார்கள். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். வாசிக்க அரை நிமிடம் போதும். தொடக்கத்தில் ஒருமுறை வாசித்தால் படித்தவர் மகிழ்வார். பொருள் சொன்னபின் இன்னொருமுறை வாசித்தால், முதல் முறை ஒன்றும் புரியாதிருந்தவருக்கு இரண்டாம் முறை பாதி புரியும். அவர் அடுத்து அனுப்பும் கேள்வி பாடலுக்குள்ளிருந்தே வரும்: தோழி ஏன் இங்கே பேசுகிறாள், தலைவன் எங்கே போனான், இந்தப் பூ எந்த நிலத்துப் பூ. அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்து மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். அதற்குப் பேராசிரியர் மூவர் வேண்டியதில்லை. பாடலை நன்றாக வாசிக்கும் ஒருவரும், தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் ஒருவரும் போதும்.